'உள்ளேன் ஐயா' சொல்லும் பூச்சிகள்!

மார்ல்பரோ என்றதும் சட்டைப் பையைத் தடவுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். நான் சொல்வது ஊர். லண்டனுக்கு மேற்கே வில்ட்ஷர் மாவட்டத்தில் இருக்கிற ஒரு சின்ன டவுன்.

சிகரெட்டுக்கும் ஊருக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. கல்யாண வீட்டில் அறிமுகமாகும் ஒன்றுவிட்ட சித்தப்பா மாதிரி சுற்றி வளைத்த உறவு. லண்டனில் கிரேட் மார்ல்பரோ தெருவில் ஃபிலிப் மாரிஸ் கம்பெனியின் ஃபேக்டரி இருந்தது. அந்தப் பெயரின் வாலை நறுக்கி சிகரெட்டுக்கு வைத்தார்கள். தெருவுக்குப் பெயர் மார்ல்பரோ பிரபுவால் வந்தது. பிரபுவின் பட்டமோ இந்த ஊரின் பெயரில். பாவம், ஊருக்கு இதில் ஒரு பைசா ராயல்டி கிடையாது.

இந்த ஊருக்கு ரயிலும் கிடையாது. இருந்ததை 1960-களில் மூடிவிட்டார்கள். லண்டன் பேடிங்டனில் ஏறி, ஸ்விண்டனில் இறங்கி, பஸ் பிடிக்க வேண்டும். போய் இறங்கினால் கடைத்தெருவின் அகலத்தைப் பார்த்துக் கண்ணைத் தேய்த்துக்கொள்வீர்கள். ரங்கநாதன் தெருவில் தோளால் இடித்து நடந்து பழகிய ஆசாமிகளுக்கு ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் போவதே ஒரு சுற்றுலா. புதனும் சனியும் சந்தை. ஊரின் ஒரு கோடியில் இளவரசி கேத் படித்த மார்ல்பரோ காலேஜ். பெயர்தான் காலேஜ், உண்மையில் அது ஹாஸ்டலோடு கூடிய பள்ளிக்கூடம். ஃபீஸ் எவ்வளவு என்று கேட்காதீர்கள், நெஞ்சு அடைக்கும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, போட்டோ எடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள் பலர். கடைத்தெருவுக்குப் பின்பக்கம் சத்தம் போடாமல் ஒரு ஆறு ஓடுகிறது. பெயர் கென்னட். நான் போனது அதைப் பார்க்கத்தான்.

கூட வந்தவர் ரீடிங் நகரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் நம்ம மதுரைத் தம்பி. கென்னட் ஆறு எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஓடி, அந்த ரீடிங்கில்தான் தேம்ஸில் கலக்கிறது. "டெய்லி ஆபீஸ் போறப்ப அந்த ஆத்தைத் தாண்டித்தான் போறேண்ணே. ஒருநாள்கூட நின்னு பார்த்ததில்ல" என்றார். அவரை மட்டும் குறை சொல்ல வேண்டாம். தினமும் தாண்டுகிற பாலத்துக்குக் கீழே என்ன ஓடுகிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

முதலில் ஆற்றின் ஜாதகம். மார்ல்பரோவுக்கு மேற்கே பத்து கிலோமீட்டரில் ஏவ்பரி என்ற கிராமம். அங்கே ஊரையே சுற்றி நட்டுவைத்த கற்கள். கற்காலத்து ஆசாமிகளின் கைங்கரியம். பக்கத்தில் சில்பரி ஹில் என்று ஒரு செயற்கைக் குன்று. நாலாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் கூடை கூடையாக மண் கொட்டி எழுப்பியது. ஏன் எழுப்பினார்கள் என்று இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. அந்தக் காலத்து கான்ட்ராக்ட் போலிருக்கிறது! அந்தக் குன்றுக்குப் பக்கத்தில் உள்ள ஊற்றுகளிலிருந்துதான் கென்னட் கிளம்புகிறது.

அந்த வட்டாரத்து மலைகள் எல்லாம் சாக்பீஸ். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமான சுண்ணாம்பு. வாத்தியார் நம் தலையைக் குறிபார்த்து எறிவாரே, அதே இனம். குளிர்காலத்தில் பெய்கிற மழையை அந்த மலை ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சி, உள்ளே வடிகட்டி, மெதுவாக ஊற்றாக விடுகிறது. அதனால் தண்ணீர் கண்ணாடி. ஊற்று புறப்படும் இடத்தில் கோடையானாலும் குளிரானாலும் 10, 11 டிகிரிதான். உள்ளே கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரியும். மே, ஜூனில் வெள்ளைப் பூப்பூத்த நீர்ச்செடிகள் ஜடை பின்னிவிட்ட மாதிரி ஓட்டத்தோடு ஆடும். இந்த மாதிரி சுண்ணாம்பு ஆறுகள் உலகத்திலேயே அபூர்வம். பெரும்பகுதி இங்கிலாந்தின் தெற்கிலும் கிழக்கிலும்தான் இருக்கின்றன.

இந்த ஆற்றின் ராஜா, பிரவுன் ட்ரவுட். பழுப்பு மேனியில் கறுப்பு, சிவப்புப் புள்ளிகள். நம் ஊட்டிக்கு வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்ததும் ட்ரவுட் இனம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலில் முட்டை கொண்டுவந்து பலமுறை கையைச் சுட்டுக்கொண்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ரெயின்போ ட்ரவுட் நீலகிரி ஓடைகளில் நிலைத்தது. அவலாஞ்சியில் இன்றும் குஞ்சு பொரிக்கும் பண்ணை இருக்கிறது. ஊட்டியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், ட்ரவுட்டுக்கு ஏ.சி. வேண்டும். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் அதற்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும்.

காரணம் சாதாரண பௌதிகம். தண்ணீர் சூடாக ஆக, அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும். 10 டிகிரியில் லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் கரையும். 20 டிகிரியில் 9.1. நம் ஊர் வெயிலில் 30 டிகிரி ஆனால் 7.6. கெளுத்தி, விரால் எல்லாம் இந்த ஆக்ஸிஜனில் குடும்பம் நடத்திவிடும். ட்ரவுட் நடத்தாது.

இன்னொரு சங்கடம். தாய் மீன் குளிர்காலத்தில் வாலால் கூழாங்கல்லைத் தோண்டி, முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடும். கூழாங்கல் இடுக்கில் ஓடுகிற தண்ணீர்தான் முட்டைக்கு மூச்சு. வயலிலிருந்து வண்டல் வந்து அந்த இடுக்கை அடைத்தால் முட்டை அங்கேயே மூச்சு முட்டிப் போகும். மேலே தண்ணீர் அழகாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். கரையில் நின்று பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

அப்படியானால் ஓர் ஆறு ஆரோக்கியமாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"இதென்னண்ணே கஷ்டம்? ஒரு பாட்டில்ல தண்ணியப் புடிச்சு லேபுக்கு அனுப்ப வேண்டியதுதான" என்றார் தம்பி.

அனுப்பலாம். அனுப்புகிறார்கள். ஆனால் உங்கள் ஆபீஸில் இன்ஸ்பெக்‌ஷன் நடக்கிற அன்று எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எல்லா மேஜையும் பளபளக்கும். எல்லா நாற்காலியிலும் ஆள் இருப்பார். கேன்டீன் காபிகூடக் குடிக்கிற மாதிரி இருக்கும். அதை வைத்து வருஷம் பூரா நடந்ததைத் தீர்மானிக்க முடியுமா? பாட்டில் தண்ணீரும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பிடித்தால், செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு என்ன இருந்தது என்று சொல்லும். திங்கட்கிழமை ராத்திரி ஊற்றிய விஷம் அதற்குள் ஹங்கர்ஃபோர்டு தாண்டி, தேம்ஸைப் பார்க்கப் போய்க்கொண்டிருக்கும்.

பாட்டில் தண்ணீர் என்பது இன்டர்வியூ. நமக்குத் தேவை சர்வீஸ் ரிஜிஸ்டர்.

அந்த ரிஜிஸ்டர் ஆற்றின் அடியில், கல்லுக்குக் கீழே இருக்கிறது. ஊருக்குக் கொஞ்சம் கீழே, தண்ணீர் முழங்காலளவு ஓடுகிற இடத்தில், ரிடையரான வயதில் ஒரு பெரியவர் மார்பு வரை ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு நின்றார். கையில் நீளக் கம்பு, அதன் முனையில் சின்ன வலை. வலையை ஓட்டத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் காலால் ஆற்றின் தரையை உதைக்க ஆரம்பித்தார். உதைத்துக்கொண்டே இடம் மாறினார். மறுபடி உதைத்தார். கரையில் ஓர் அம்மாள் ஸ்டாப் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்தப் பெருசு மோதிரத்தைக் கீதிரத்தைத் தொலைச்சிருச்சா?"

இல்லை. இதற்குப் பெயரே 'கிக் சாம்பிள்'. கணக்காக மூன்று நிமிஷம் உதைக்க வேண்டும். செடி இருக்கிற இடம், கல் இருக்கிற இடம், மணல் இருக்கிற இடம் என்று பங்கு பிரித்து உதைக்க வேண்டும். பிறகு ஒரு நிமிஷம் கையால் கல்லைப் புரட்டி ஒட்டிக்கொண்டிருப்பவர்களையும் எடுக்க வேண்டும். தரையிலிருந்து கிளம்புகிற பூச்சி, புழு எல்லாம் ஓட்டத்தோடு வலைக்குள் போய் விழும். அதை வெள்ளை ட்ரேயில் கொட்டி, இனம் பிரித்து, எண்ணி, ஃபாரத்தில் எழுத வேண்டும். மாதம் ஒருமுறை. மழையானாலும் சரி, பனியானாலும் சரி.

இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஒருநாள் பயிற்சி கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். பிரிட்டனில் 'ரிவர்ஃப்ளை பார்ட்னர்ஷிப்' என்ற அமைப்பு 2007-ல் இந்த ஏற்பாட்டை நாடு முழுக்கத் தொடங்கிவைத்தது. முதலில் இறங்கியவர்கள் யார் தெரியுமோ? தூண்டில்காரர்கள். அவர்களுக்கு இதில் சுயநலம் உண்டு. பேர்பெற்ற சுண்ணாம்பு ஆறுகளில் ஒருநாள் தூண்டில் போட வாடகை நூறு பவுண்டைத் தாண்டும். அவ்வளவு கொடுத்து மீனைப் பிடித்து, போட்டோ எடுத்து, முத்தம் கொடுக்காத குறையாகத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுகிறவர்களும் ஏராளம். வஞ்சிரம் துண்டு கொஞ்சம் சின்னதாக இருந்தால் சர்வரிடம் சண்டை போடும் நமக்கு இந்தத் தத்துவம் புரியக் கொஞ்சநாள் ஆகும். ஆனால் ட்ரவுட் பூச்சியைத்தான் தின்கிறது, பூச்சி இல்லையேல் மீன் இல்லை என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ட்ரேயைச் சுற்றி நாங்களும் குனிந்தோம். முதலில் வெறும் குப்பை மாதிரி இருந்தது. அரை நிமிஷம் பொறுத்தால், குப்பை நடக்க ஆரம்பித்தது!

மொத்தம் எட்டு கோஷ்டிகளைத்தான் எண்ணுகிறார்கள். சிலரை உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கிறேன்.

முதலில் காடிஸ். இவர் கட்டடக் கலைஞர். வாயிலிருந்து பட்டு நூல் விட்டு, மணலையும் குச்சியையும் ஒட்டி, தன் உடம்புக்கு அளவெடுத்து ஒரு குழாய் வீடு கட்டிக்கொள்கிறார். போகிற இடத்துக்கெல்லாம் வீட்டை இழுத்துக்கொண்டே போகிறார். பில்டர் இல்லை, பேங்க் லோன் இல்லை, அட்வான்ஸ் இல்லை. வீடு கட்டாத காடிஸும் உண்டு. அது தனி கோஷ்டி, வாடகைக்காரர்கள் மாதிரி.

அடுத்து மேஃப்ளை. இவர் கதை கொஞ்சம் சோகம். பெரும்பாலும் இரண்டு வருஷம் ஆற்றடி மண்ணுக்குள் பேச்சிலர் ரூம் வாழ்க்கை. பிறகு ஒரு மே மாதக் கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ மேலே வந்து, சிறகு முளைத்துப் பறக்கிறார். மிஞ்சிப்போனால் ஓரிரு நாள். அதற்குள் கல்யாணம், சாந்தி முகூர்த்தம், கருமாதி எல்லாம் முடிந்துவிடும். சிறகு முளைத்தபின் வாய் வேலை செய்யாது. கல்யாணம் ஆனதும் வாய் அடைத்துப் போவது நமக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தீர்களா?

கல்லோடு கல்லாக ஒட்டிக்கொள்ளத் தட்டையான உடம்பு கொண்ட ஓர் இனம். 'நீலச் சிறகு ஆலிவ்' என்று ஒரு குட்டி. 'ஆலிவ்' என்றே பெயர்கொண்ட, மீன் மாதிரி வளைந்து நீந்தும் இன்னொரு குட்டி. ஆக்ஸிஜன் கொஞ்சம் குறைந்தாலும் நடையைக் கட்டிவிடும் ஸ்டோன்ஃப்ளை. கடைசியில் நன்னீர் இறால். இறால் என்றதும் தொக்கை நினைக்காதீர்கள். நம்ம கூனி மாதிரி பொடியன், ஒருக்களித்துப் படுத்தபடியே நீந்துகிறவன்.

ஒவ்வொரு கோஷ்டிக்கும் மார்க். ஒன்று முதல் ஒன்பது பேர் இருந்தால் 1. பத்து முதல் தொண்ணூற்றொன்பது வரை 2. நூறிலிருந்து 3. ஆயிரம் தாண்டினால் 4. எட்டு கோஷ்டியின் மார்க்கையும் கூட்ட வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் பாஸ் மார்க் எவ்வளவு என்று சுற்றுச்சூழல் துறையின் விஞ்ஞானி ஏற்கெனவே குறித்துக் கொடுத்திருப்பார். அதற்குக் கீழே போனால் மறுபடி உதைத்துப் பார்க்க வேண்டும். மறுபடியும் ஃபெயில் என்றால் உடனே போன்.

அதாவது, மாதாமாதம் அட்டெண்டன்ஸ்! "காடிஸ்?" "உள்ளேன் ஐயா!" "மேஃப்ளை?" "உள்ளேன் ஐயா!" "கூனி?" பதில் இல்லை என்றால், ஆற்றில் என்னவோ நடந்திருக்கிறது.

இதில் உள்ள சூட்சுமம்: ஆற்றடியில் இரண்டு வருஷம் இருக்கிற பூச்சி, அந்த இரண்டு வருஷத்தின் ஒவ்வொரு மணி நேரத்தையும் தாக்குப் பிடித்தாக வேண்டும். கேஷுவல் லீவு கிடையாது, மெடிக்கல் லீவு கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ எதையோ திறந்துவிட்டாலும் அதுதான் குடிக்க வேண்டும். ஆகையால் இன்று அது உயிரோடு ட்ரேயில் நெளிகிறது என்றால், இத்தனை நாளும் ஆறு சுமாராகவாவது ஒழுங்காக இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

யார் ஆப்சென்ட் என்பதை வைத்து வியாதியையும் ஓரளவு சொல்லலாம். சாக்கடை கலந்து ஆக்ஸிஜன் குறைந்தால் ஸ்டோன்ஃப்ளை மாதிரி நாசூக்குப் பேர்வழிகள் முதலில் காணாமல் போவார்கள். மண்புழு ஜாதியும் அட்டையும் கொழுக்கும். பூச்சி மருந்து கலந்தால் வேறு கதை. பூச்சிகளும் இறாலும் கூண்டோடு காலி; நத்தையும் அட்டையும் ஒன்றும் நடக்காதது போல உலாத்திக்கொண்டிருக்கும். நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியர் மாதிரி, ட்ரேயைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

இந்த வைத்தியம் நிஜமாகவே வேலை செய்யுமா? 2013 ஜூலைத் தொடக்கத்தில் இதே கென்னட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

'ஆக்‌ஷன் ஃபார் தி ரிவர் கென்னட்' என்று உள்ளூர் அமைப்பு ஒன்று இருக்கிறது. அதன் தொண்டர்கள் வழக்கம்போல வலையோடு மார்ல்பரோவில் இறங்கினார்கள். வழக்கம்போல உதைத்தார்கள். ட்ரேயில் கொட்டினால், பூச்சிகள் செத்துக் கிடக்கின்றன. ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டிய கூனியைக் காணோம். தண்ணீரோ எப்போதும்போலக் கண்ணாடி! நாற்றம் இல்லை, நுரை இல்லை, நிறம் இல்லை. கரையில் ஜோடிகள் போட்டோகூட எடுத்திருப்பார்கள்.

போன் பறந்தது. சுற்றுச்சூழல் துறை வந்து தேடியது. மார்ல்பரோவிலிருந்து கீழே ஏறக்குறைய 15 கிலோமீட்டருக்கு ஆற்றின் பூச்சி ஜனத்தொகை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஆற்றில் இறங்காதீர்கள், நாயை விடாதீர்கள், பிடித்த மீனைத் தின்னாதீர்கள் என்று ஊருக்கு எச்சரிக்கை விட்டார்கள். சோதித்ததில் அகப்பட்ட குற்றவாளியின் பெயர் குளோர்பைரிஃபாஸ். பெயர் கேள்விப்பட்ட மாதிரி இருக்கிறதா? நம் ஊரில் வீடு கட்டும்போது அஸ்திவாரத்தில் கரையானுக்கு அடிக்கிற மருந்து.

அது மார்ல்பரோவின் சாக்கடை சுத்திகரிப்பு நிலையம் வழியாக ஆற்றுக்கு வந்திருக்கிறது. யாரோ ஒருவர் மிச்சம் மீதி மருந்தை சிங்க்கிலோ சாக்கடையிலோ ஊற்றியிருக்க வேண்டும். சுத்திகரிப்பு நிலையம் நம் வீட்டுக் கழிவைத் தின்று ஜீரணிக்கும். இதை ஜீரணிக்கத் தெரியாது. அப்படியே ஆற்றில் விட்டுவிட்டது.

எவ்வளவு ஊற்றினால் இந்தக் கதி? தண்ணீர் கலக்காத சரக்காக இரண்டு டீஸ்பூன் போதும் என்று கணக்குச் சொன்னார்கள். இரண்டே டீஸ்பூன்! இருமல் மருந்து அளவு. பதினைந்து கிலோமீட்டர் காலி.

ஊற்றிய ஆசாமி யார் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. அவருக்கேகூடத் தெரியாமல் இருக்கலாம். ஷெட்டைச் சுத்தம் செய்து, பழைய டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு டி.வி. பார்க்கப் போயிருப்பார்.

மீன் செத்து மிதந்திருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும். இதில் செத்தது நகக்கண் அளவு உயிர்கள். அன்றைக்கு அந்த ட்ரேயை யாரும் பார்த்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? மருந்து ஓடிப்போயிருக்கும். தண்ணீரில் தடயம் கரைந்திருக்கும். கொஞ்ச நாள் கழித்து, "என்னவோ தெரியவில்லை, இந்த வருஷம் ட்ரவுட் இளைத்துப் போயிருக்கிறது" என்று தூண்டில்காரர்கள் புலம்பியிருப்பார்கள். மழை மேல் பழி போட்டிருப்பார்கள். யாருக்கும் விஷயமே தெரிந்திருக்காது. எனக்கு இந்தக் கதையில் வயிற்றைக் கலக்குகிற இடம் இதுதான்.

பிரிட்டனில் 2016-ல் குளோர்பைரிஃபாஸின் உபயோகத்தை ஏறக்குறைய முழுவதும் தடை செய்துவிட்டார்கள். அதற்காக நிம்மதியாகத் தூங்க முடியாது. அடுத்த வரிசை தயாராக நிற்கிறது. நாய், பூனைக்கு உண்ணி போக்க முதுகில் விடுகிற சொட்டு மருந்து இருக்கிறதே, அதில் ஃபிப்ரோனில் என்று ஒன்று உண்டு. இங்கிலாந்தின் இருபது ஆறுகளில் 2016-லிருந்து 2018 வரை எடுத்த மாதிரிகளை சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் அலசி, 2020-ல் கணக்கு வெளியிட்டார்கள். நூற்றுக்கு 98 மாதிரிக்கு மேல் ஃபிப்ரோனில் இருந்தது! நாயைக் குளிப்பாட்டினால் சாக்கடை வழியாக வருகிறது. நாயே ஆற்றில் குதித்தால் நேராகவே வருகிறது. வெள்ளைக்காரரிடம் அவர் நாயைக் குறை சொல்லிப் பாருங்கள், அப்புறம் தெரியும் சேதி.

இதற்கு மெஷின் வைக்கக்கூடாதா என்று கம்ப்யூட்டர்காரரான தம்பி கேட்டார். வைக்கிறார்கள். 2021-ல் வந்த சுற்றுச்சூழல் சட்டப்படி, இங்கிலாந்தில் சாக்கடை நீர் ஆற்றில் சேரும் இடங்களில் மேலும் கீழும் தண்ணீர் கம்பெனிகள் இடைவிடாமல் கண்காணிக்க வேண்டும். எதையெல்லாம் என்றும் சட்டத்தில் எழுதியிருக்கிறது: கரைந்த ஆக்ஸிஜன், வெப்பம், அமில-காரத் தன்மை, கலங்கல், அம்மோனியா. மழைக்காலத்தில் சாக்கடை நிரம்பி வழிகிற குழாய்களுக்கெல்லாம் மீட்டர் மாட்டும் வேலை 2023 கடைசியில் முடிந்தது. பதினாலாயிரத்துச் சொச்சம் குழாய்கள். அந்த ஒரே வருஷத்தில் எல்லாமாகச் சேர்ந்து 36 லட்சம் மணி நேரம் வழிந்திருக்கின்றன. படித்த ஜனங்கள் கொதித்துப் போனார்கள், நியாயம்தான்.

மெஷின் வேண்டும், சந்தேகமில்லை. அது ராத்திரியிலும் முழித்திருக்கும். ஆனால் அந்தச் சட்டத்துப் பட்டியலைத் திருப்பிப் படியுங்கள். அந்த அத்தனை மெஷினும் 2013-ல் கென்னட்டில் இருந்திருந்தாலும் இரண்டு டீஸ்பூன் குளோர்பைரிஃபாஸ் அவற்றுக்குக் கண்ணிலேயே பட்டிருக்காது. ஆக்ஸிஜன் சரி, வெப்பம் சரி, கலங்கல் இல்லை, எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்திருக்கும். மெஷினுக்கு நாம் கேட்கச் சொன்ன கேள்வி மட்டும்தான் தெரியும். கூனிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. என்ன விஷம் என்று பெயர் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். விஷம் என்று செத்துக் காட்டிவிடும்.

அட்டெண்டன்ஸ் எடுப்பதால் ஆறு சுத்தமாகிவிடாது. வாட்ச்மேன் விசில் ஊதலாம். திருடனைப் பிடிக்க போலீஸ் வர வேண்டும். தவிர, பூச்சி எண்ணிக்கை மட்டும் போதாது, ஆற்றில் தண்ணீரும் இருக்க வேண்டும். கென்னட் கரையில் ஆக்ஸ்ஃபர்டு அல்ல, ஆக்ஸ்ஃபோர்டு என்று ஒரு கிராமம். அங்கே நிலத்தடியில் உறிஞ்சிய தண்ணீர் பல வருஷங்களாக ஸ்விண்டன் நகரத்துக்குப் போனது. போன தண்ணீர் கழிவாகக்கூட கென்னட்டுக்குத் திரும்பி வராது. அது வேறு ஆற்றுப் பக்கம். உள்ளூர்க்காரர்கள் விடாமல் மனுப்போட்டுப் போராடி, 2017-ல்தான் ஸ்விண்டனுக்கு வேறு பக்கத்திலிருந்து பைப்லைன் வந்து, இங்கே உறிஞ்சுவது குறைந்தது. அந்தப் போராட்டத்துக்கும் கையில் கணக்கு வேண்டியிருந்தது. "ஆறு வத்துது சார்" என்று சொன்னால் ஆபீஸில் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். தேதி போட்ட காகிதம் கொடுத்தால் ஃபைல் திறக்க வேண்டும். இது எல்லா நாட்டு ஆபீஸுக்கும் பொது விதி.

2013-க்குப் பிறகு அந்தப் பதினைந்து கிலோமீட்டரில் உயிர் திரும்ப வேண்டியிருந்தது. சிறகு உள்ளவர்களுக்குச் சுலபம். பறந்துவந்து முட்டை போட்டுவிடலாம். கூனிக்குச் சிறகு இல்லை. மார்ல்பரோவுக்கு மேலே பிழைத்திருந்த கூட்டத்திலிருந்து ஒன்றிரண்டு, ஓட்டத்தோடு உருண்டு வந்து, குடும்பம் நடத்தி, அடுத்த வளைவுக்குப் போய், அங்கே குடும்பம் நடத்தி... மெள்ள மெள்ளத்தான் வர முடியும். அவர்கள் வந்து சேர்ந்தார்களா என்று பார்க்கவும் மாதாமாதம் யாரோ ஒருவர் தண்ணீரில் நின்று உதைக்க வேண்டும்.

நாங்கள் பார்த்த அன்று ட்ரேயில் கூனி கூட்டம் கூட்டமாக இருந்தது. பெரியவர் எண்ணி முடித்து, ட்ரேயைத் தண்ணீருக்குள் பதமாகச் சாய்த்து, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார். இந்தக் கோஷ்டியில் ஒருவரைக்கூட வீணாகச் சாகடிப்பதில்லை. பிறகு வலை, பூட்ஸ் எல்லாவற்றையும் நன்றாகக் கழுவிக் காயவைக்கப் போனார். ஓர் ஆற்றின் நோயை இன்னோர் ஆற்றுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடக்கூடாதாம். அமெரிக்காவிலிருந்து வந்த சிக்னல் நண்டு இந்த ஆறுகளில் புகுந்து, உள்ளூர் வெள்ளைக்கால் நண்டைத் துரத்திவிட்ட அனுபவம் அவர்களுக்கு இருக்கிறது.

"இத்தனை வருஷமா எண்றீங்களே, போரடிக்கலையா?" என்று தம்பி இங்கிலீஷில் கேட்டார். பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "பெரும்பாலான மாதம் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதி வைப்பதுதான் வேலை" என்றார்.

ஆபீஸில் குப்பை கொட்டுகிற நம்மைப் போன்றவர்களுக்கு இந்தப் பதில் புரியும். பாதி ரிஜிஸ்டர்களில் 'நில்' என்றுதான் எழுதுகிறோம். எதற்கு எழுதுகிறோம் என்று அலுத்துக்கொள்கிறோம். ஆனால் போன மாதம் கூனி இத்தனை, அதற்கு முந்தின மாதம் இத்தனை என்று அலுக்காமல் எழுதிவைத்த காகிதம் இருந்ததால்தான், 2013 ஜூலையில் 'இன்றைக்கு இல்லை' என்பது செய்தி ஆயிற்று.

போகிற நண்பர்களுக்கு இரண்டு டிப்ஸ். மே கடைசி, ஜூன் முதல் வாரம் போனால் வெள்ளைப் பூவும் மேஃப்ளைக் கூட்டமும் சேர்ந்து கிடைக்கும். சாயங்காலம் ஆற்றின் மேலே அவை எழும்பி எழும்பி இறங்குவதைப் பார்த்தால் காலாட்டிக்கொண்டே அரைநாள் உட்கார்ந்துவிடலாம். கரையில் பல இடம் தனியாருக்குச் சொந்தம். நடைபாதை என்று போர்டு இருக்கிற வழியில் மட்டும் போகவும். ஏவ்பரியையும் சில்பரி ஹில்லையும் அதே நாளில் முடித்துக்கொள்ளலாம். குடை அவசியம்.

தம்பி திரும்பும்போது ரீடிங்கில் பாலத்தில் நின்று, முதல் தடவையாகக் கீழே எட்டிப் பார்த்தார். நாலைந்து நாள் கழித்து போன் வந்தது.

"அண்ணே, அந்தப் பூச்சி எண்ற ட்ரெயினிங்குக்குப் பேரு குடுத்திருக்கேன். அந்த ரப்பர் பேன்ட் மட்டும் என் சைஸுக்குக் கிடைக்குமான்னுதான் தெரியல."